ஊனமுற்ற இளங்குழந்தையும் குடும்பத்தைத் தாங்கும் ஊழியமும்

ஊனமுற்ற குழந்தைகளுக்காகத் தமிழகத் திருச்சபை ஆற்றிய பணி என்றவுடன், பாளையங்கோட்டையிலுள்ள பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறனற்றோர் பள்ளியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரும்பணிகளே. ஆயினும் பள்ளி வயதுக்கு முந்தைய ஆண்டுகளில்தான் மூளை மிக விரைவாக வளர்கிறது. கழுத்து நிற்பதும் பேச்சு பிறப்பதும் அப்பொழுதே. அவ்வாண்டுகளில் குழந்தை இருப்பது விடுதியில் அன்று, தாயின் மடியில். தாயைத் தாங்காத உதவி குழந்தையைச் சென்றடையாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு இதனை உணர்ந்து செயற்பட்டது. அதன் 'நம்பிக்கை நிலைய'த்தில் பெற்றோர் குழந்தையோடு தங்கிப் பயிற்சி பெற்று வீடு திரும்பினர். ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பெற்ற அமர் சேவா சங்கமோ பயிற்சியையே வீடுகளுக்குக் கொண்டு சென்றது. அதன் நிறுவனர் எஸ். இராமகிருஷ்ணன், தண்டுவடம் பாதிக்கப்பெற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்விரண்டுக்கும் தொலைவில், பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூரை எண்ணிப் பார்ப்போம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் பகுதி. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையைப் பயிற்சிக்காக மாவட்டத் தலைநகருக்குத் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாள் கூலி இழப்பு. அவள் வயலுக்குச் சென்றபின் பாட்டி குழந்தையைப் படுக்கவைத்தே கஞ்சி ஊட்டுகிறாள். உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தலையைத் தாங்கி நிமிர்த்தி ஊட்டவேண்டும் என்பதை அப்பாட்டிக்குச் செய்து காட்டுவதும் மருத்துவமே.

அருகில் அங்கன்வாடி உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. ஊனமுற்றோரை அங்கு சேர்ப்பதற்கான தனி வழிமுறையை மத்திய அரசு 2023இல் வெளியிட்டது. 2013 முதல் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டமும் உள்ளது. ஆனால் குழந்தையை வெளியே கொண்டுவரத் தாய் நாணினால் இவற்றால் பயன் என்ன? அந்நாணத்தை வளர்ப்பது யார் என்று ஆராய்ந்தால் நம் பிரசங்க பீடமும் தப்பாது. யோவான் 9இல் சீடர் கேட்ட கேள்வியை ஆண்டவர் ஏற்க மறுத்தார். நாமோ 'முன்னோர் சாபம்' என்னும் பெயரில் அதனையே மீண்டும் கேட்கிறோம். (அத்தகைய கைப்பிரதிகள் நம் ஆலய வாசலிலேயே விநியோகிக்கப்படுகின்றன.)

வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொல்லும் உபதேசம் இன்னும் கொடிது. திடீரென மருந்தை நிறுத்தினால் வலிப்பு ஓயாது தொடர்ந்து குழந்தை இறக்கவும் கூடும். ஜெபிப்போம், மருந்தும் தொடரட்டும் என்று போதகர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

மாற்கு 9இல் இயேசு குணமாக்குமுன், இது எவ்வளவு காலமாய் உள்ளது என்று பிள்ளையின் தகப்பனை விசாரிக்கிறார். தகப்பன் சிறுவயது முதல் நடந்த துயரத்தைச் சொல்லி முடிக்க இடங்கொடுக்கிறார். நம் இல்லச் சந்திப்புகளிலோ பெரும்பாலும் தாயே தனித்துப் பேசுகிறாள். தகப்பன் வேலையிலிருந்து திரும்பும் மாலை வேளையைக் கேட்டறிந்து செல்வது நலம்.