காய்ச்சலுக்கு இரண்டு சட்டம்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அன்றுமுதல் வானொலி, தொலைக்காட்சி, தெருவில் போகும் ஒலிபெருக்கி எல்லாம் சொன்னது ஒன்றைத்தான்: காய்ச்சல், இருமல் என்றால் வீட்டிலேயே இருங்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் வார்டில் ஏற்கெனவே நேர்மாறாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: காய்ச்சல் என்றால் நடுச்சாமம் ஆனாலும் புறப்படுங்கள்.

அந்த இரண்டாவது சட்டத்தின் காரணம் எலும்பு மச்சையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது லிம்போபிளாஸ்டிக் வகைக் குருதிப் புற்றுநோய். அதற்கான மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கும்போது, நியூட்ரோபில் எனப்படும் வெண்குருதிக் கலங்களின் உற்பத்தியும் சேர்ந்து அடிபடும். மருந்து ஏற்றி ஒன்றிரண்டு கிழமைக்குள் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் அவை 500க்கும் கீழே இறங்கிவிடலாம். வழமையாகக் கிருமி நுழைந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும். சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்கள்தான். அவை இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்? குடலில் இருந்து பற்றீரியா இரத்தத்துக்குள் இறங்கினாலும் வெளியே தெரிவது பலவேளை காய்ச்சல் ஒன்றுதான். ஆகவேதான் உடற்சூடு 38 பாகையைத் தாண்டினால், ஆஸ்பத்திரி வாசலை மிதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்கொல்லி ஏற்ற வேண்டும் என்கிறார்கள். நம் வீடுகளிலோ முதலில் கை போவது பனடோலுக்கு. அது சூட்டைத் தணித்து, இருக்கும் ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும்.

இலங்கையில் பிள்ளைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதன்மையான இடம் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. திருகோணமலை நகரில் இருந்து கொழும்புக்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். மூதூர், வெருகல் பக்கத்தாருக்கு அது இன்னும் கூடும். இரவுப் புகையிரதம் நின்று, மாவட்டம் தாண்டப் பாஸ் வேண்டும் என்று ஆனபோது, மஹரகம என்பது பல வீடுகளில் ஒரு தொலைபேசி இலக்கமாகச் சுருங்கியது.

அந்த ஏப்ரலில் அரச கிளினிக்குகளின் மாத்திரைகள் தபாலில் வீடு தேடி வந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் தபால்காரர் விளக்கம் சொல்ல மாட்டார். குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் நீளும். அதன் பெரும்பகுதி வீட்டில் விழுங்கும் மாத்திரைகளால் ஆனது. மெர்க்கப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும். இரண்டாவதைத் தினமும் கொடுத்துவிட்டால் மச்சையே காய்ந்துபோகும். பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. வைத்தியர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. நேரில் கேட்டவர்களுக்கே அந்தக் கதி. தொலைபேசியில் “விளங்கினதா அம்மா?” என்று கேட்டால் எந்தத் தாயும் “ஓம் டொக்டர்” என்றுதான் சொல்வாள். “எந்த நாளில் எத்தனை குளிசை குடுப்பீங்க? ஒருக்காச் சொல்லுங்க பாப்பம்” என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அதற்கு வைத்தியருக்கு நேரம் வேண்டும், தமிழும் வேண்டும். சிங்களத்தில் பேசும் வார்டுக்கும் தமிழில் கேட்கும் தாய்க்கும் இடையில் பக்கத்துக் கட்டில்காரர்தான் மொழிபெயர்ப்பாளர் என்ற நிலை கொரோனாவுக்கு முன்பும் இருந்ததுதான். முகக்கவசம் அதன்மேல் இன்னொரு திரை போட்டது. அது குரலின் உயர் அதிர்வெண்களை, அதாவது மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் பகுதியை, மழுங்கடிக்கும், உதட்டசைவையும் மறைக்கும். பழகாத மொழியைக் கேட்பவருக்கு உதடு பாதி உதவி. வேடிக்கை என்னவென்றால், முகம் முழுதாகத் தெரிந்தது வட்ஸ்அப் வீடியோவில்தான்.

இனி, யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. 2020 மார்ச் இறுதி முதல் 2021 பெப்ரவரி வரை, அடக்கம் செய்வதே கடமையான முஸ்லிம்கள் உட்பட, கொரோனாத் தொற்றோடு இறந்த எல்லோரையும் எரிக்கவே வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்வதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும், நிலத்தடி நீரைக் காரணம் காட்டினார்கள். டிசம்பரில் கொழும்பில் 20 நாள் சிசு ஒன்று பெற்றோர் இணங்காமலே எரிக்கப்பட்டது. அதைக் கண்டித்துப் பொரளை மயான வாசலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஓர் உம்மாவின் மனதில் என்ன ஓடியிருக்கும்? ஆஸ்பத்திரியில் முதல் வேலை பி.சி.ஆர். பொசிற்றிவ் என்றால்? மவுத்தாகிவிட்டால்? “ஏன் இவ்வளவு சுணங்கினீங்க?” என்று அவளை ஏசுவது எந்த அறிவியலும் அல்ல. பிழையான அறிவியலை முதலில் சொன்னது அரசு. அந்தப் பயத்தை வைத்தியர்தான் முந்திக்கொண்டு பேச்சில் எடுத்திருக்க வேண்டும்.

கொரோனாப் பயமும் வீண் பயமல்ல. 45 நாடுகளில் தொற்றுக்குள்ளான 1,300க்கு மேற்பட்ட புற்றுநோய்ப் பிள்ளைகளைப் பதிவுசெய்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு நோய் கடுமையானது, 3.8 சதவீதம் பேர் அந்தத் தொற்றால் இறந்தார்கள். சுகமான பிள்ளைகளில் அப்படி இறப்பது மிக மிக அரிது. மறுபுறம், 79 நாடுகளின் 213 நிலையங்களில் எடுத்த கணிப்பில் 34 சதவீதம், சிகிச்சையை இடையில் கைவிட்டோர் கூடினர் என்றன. 43 சதவீதம், புதிய நோயாளர் எதிர்பார்த்ததிலும் குறைவு என்றன. புற்றுநோய் குறையவில்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். இரண்டு ஆபத்தையும் மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இதில் காய்ச்சல்தான் முந்தி” என்று சொல்லும் வைத்தியரைத்தான் பெற்றோர் நம்புவார்கள் என்பது என் எண்ணம்.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று மொழியிலும்: இந்தப் பிள்ளை கீமோ எடுக்கிறது, காய்ச்சல் என்றால் காத்திருக்க வைக்காமல் இரத்தம் எடுத்து, முடிவு வருமுன்பே மருந்து தொடங்குங்கள். தாய் விளக்கம் சொல்லத் தடுமாறும் இடத்தில், அது மூதூர் ஆஸ்பத்திரி இரவுக் கடமையாளருடன் பேசும். வீதித்தடையில் நிற்கும் பொலிஸாருடனும் பேசும்.

ஊரடங்கு போய்விட்டது, இரண்டு சட்டம் போகவில்லை. 2017 மார்ச்சில் டெங்கு பரவிக் கிண்ணியாவில் பாடசாலைகளை மூடினார்கள். ஒவ்வொரு மாரியிலும் அந்தப் பயம் திரும்பி வருகிறது. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் கொடுங்கள், இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள் என்பது டெங்கு அறிவுரை. மற்றப் பிள்ளைகளுக்கு அது சரி. கீமோ எடுக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு நாளே மிக நீளம். டெங்கு சுவரொட்டி அச்சடிக்கும்போது அடியில் அதையும் ஒரு வரி போட்டால் என்ன?