உஷார்! புயலில் முதலில் சாவது வயர்லெஸ்தான்

ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகுக்காரர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2017 நவம்பர் 30 காலையில் குமரிக்கடலில் ஒக்கி புயலாக மாறியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் பல, நாட்கணக்கில் முன்பே கடலுக்குப் போயிருந்தன. எச்சரிக்கை கரையில்தான் ஒலித்தது. நடுக்கடலில் இருந்தவர்களில் பலருக்கு அது எட்டவே இல்லை.

செல்போன் சிக்னல் கரையை விட்டுச் சில மைல்களில் நின்றுவிடும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் அதோடு போச்சு. அடுத்தது வி.எச்.எஃப். வயர்லெஸ். அதன் அலை நேர்கோட்டில் போகும், கடலோ வளைந்திருக்கிறது. 5 மீட்டர் உயர ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் சுமார் 10 கடல் மைல் வரைதான் பேசிக்கொள்ள முடியும். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தாலும் 20 மைல் தேறும். நீங்கள் போவதோ நூற்றுக்கணக்கான மைல்!

படகுக்குப் படகு செய்தியைக் கடத்தும் நம் வழக்கம் அருமையானது. ஆனால் அமைதியான கடலில் மட்டும். புயலில் படகுகள் சிதறும், ஆன்டெனா ஒடியும், பேட்டரியில் தண்ணீர் ஏறும். நடுவில் ஒரு படகு ஊமையானால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை பேரும் தனித்துவிடுவார்கள்.

அதனால் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி ஒன்று இல்லாமல் கிளம்பாதீர்கள். இங்கேயும் ஒரு கவனம் வேண்டும்: 2019இல் வந்த ஜெமினி கருவி எச்சரிக்கையை வாங்கித் தரும், உங்கள் அபயக் குரலைக் கரைக்கு அனுப்பாது. அது இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடாதீர்கள். இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்தான் இருவழிக் கருவி. 1 லட்சம் படகுகளில் அதை இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் படகில் இன்னும் இல்லையென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். இருந்தால் அணைத்து வைக்காதீர்கள். இன்ஜின் பேட்டரி போனாலும் அது ஓடுமா என்று கரையிலேயே பாருங்கள். உரிமம் இல்லாத துரையா, இரிடியம் போன்களை மட்டும் வாங்கிவிடாதீர்கள், வழக்கு வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒக்கியில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே வாரக்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. படகின் பதிவு எண், கிளம்பிய நாள், எந்தத் திசை, உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்று பாராமல் ஏறிய ஒவ்வொருவரின் பெயர் எல்லாவற்றையும் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றைப் பங்குப்பேரவையிலோ சங்கத்திலோ கொடுத்து வையுங்கள்.