காட்டுப்பள்ளியில் வேதியியல் படிப்பது

தமிழக அரசின் பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் ஒன்பதாம் பாடம் ‘கரைசல்கள்’. உப்புநீரை அழுத்தி, உப்பை விடாத சவ்வின் வழியே நன்னீரைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் அதில்தான் வருகிறது. வரையறையையும் படத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக் கடற்கரையில் அதே படம் ஆலையாக ஓடுகிறது. மீஞ்சூர் ஆலை என்று அறியப்படும் இந்தக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010 ஜூலையில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது.

இதை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அத்தனையும் சோடியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 0.6 மோல். கரைந்ததும் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் வாண்ட் ஹாஃப் காரணி 2. வெப்பநிலை 300 கெல்வின். சூத்திரத்தில் போட்டால் சவ்வூடு பரவல் அழுத்தம் 29 வளிமண்டலத்துக்குச் சற்று மேலே வருகிறது. ஆனால் இத்தகைய ஆலைகளின் பம்புகள் அதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம் தருகின்றன. ஏன்? நன்னீர் பிரியப் பிரிய எஞ்சும் நீரில் உப்பு அடர்ந்துகொண்டே போகிறது. அதையும் மீறித் தள்ள வேண்டுமே! பரீட்சைத்தாளில் இந்த ‘ஏன்’ வருவது அரிது.

பக்கத்திலேயே எண்ணூர் காமராஜர் துறைமுகம். அங்கே கப்பலில் வந்திறங்கும் இயற்கை எரிவாயு, மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும் மீத்தேன். மணலியிலுள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உர ஆலை 2019-ல் நாப்தாவை விட்டு இந்த எரிவாயுவுக்கு மாறியது. மீத்தேனோடு நீராவி வினைபுரிந்து ஹைட்ரஜன், ஹைட்ரஜனோடு நைட்ரஜன் சேர்ந்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா. ஹைட்ரஜன் பாடம், வேதிச்சமநிலைப் பாடம், ஹேபர் முறை எல்லாம் இந்த ஒரே பாதையில் வந்துவிடுகின்றன.

அம்மோனியாவை இந்த வட்டாரம் வேறு விதமாகவும் அறியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் பகுதி மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா நீரில் மிக எளிதில் கரையும், கரைந்தால் காரம். கண்ணிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரமே அதை இழுத்துக்கொள்ளும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்வதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். இரண்டு மதிப்பெண் வினாவுக்குரிய இந்தச் செய்தி, இங்கே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

மதிப்பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்பது பிளஸ் டூ வேதியியலின் கணக்கு. பொறியியல் கட் ஆஃப் 200-ல் வேதியியலின் பங்கு 50. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அந்த 50 பெரிய விஷயம். ஆனால் ஊரை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் படித்தால்தான் மதிப்பெண் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆய்வகத்திலிருந்தே தொடங்கலாம். மீஞ்சூர் வட்டார நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலேயே பதிவான செய்தி. உப்புப் பகுப்பாய்வில் குளோரைடைக் கண்டறிய வைத்திருக்கும் சில்வர் நைட்ரேட், பல பள்ளிகளின் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. போர் தண்ணீரைக் கோனிக்கல் ஃபிளாஸ்கில் எடுத்து, பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து செறிவு தெரிந்த சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, முதலில் சில்வர் குளோரைடு வெள்ளையாகத் திரளும். குளோரைடு தீர்ந்த பிறகே, ஃபிளாஸ்கைச் சுழற்றினாலும் மறையாத செங்கல் நிறம் தலைகாட்டும். அங்கே நிறுத்தி அளவைக் குறித்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைடு என்று சொல்லிவிடலாம். ஏன் வெள்ளை முதலில், சிவப்பு பிறகு என்பதற்குப் பன்னிரண்டாம் வகுப்பின் கரைதிறன் பெருக்கம் விடை தரும்.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1,000 வரை அனுமதி. சில்வர் நைட்ரேட் விலை அதிகம்தான். நீர்த்த கரைசலாக்கி, தெருவுக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால் ஒரு வகுப்புக்குத் தாராளமாகக் காணும். ஆலைகள் தம் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிகளுக்குச் செய்யும் உதவிகளோடு இந்த ஒரு பாட்டிலையும் சேர்க்கலாம்.