இலவச அனுமதி, ஞாயிறு விடுமுறை

லண்டன் நேஷனல் கேலரியின் பொறுப்பாளர் தாமஸ் யூவின்ஸ் 1850இல் நாடாளுமன்றக் குழுவிடம் ஒரு புகார் சொன்னார். நாட்டுப்புறத்து ஆட்கள் சிலர் சாப்பாட்டுக் கூடையோடு வந்து, நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓவியங்களுக்கு நடுவே சாப்பிட்டார்களாம். இங்கே இது கூடாது என்றதற்கு யாரும் கோபப்படவில்லை. ஒரு பெண்மணி அவருக்கும் ஒரு கிளாஸ் ஜின்னை நீட்டினாராம்!

யூவின்ஸுக்கு அது ஒழுங்கீனம். ஹென்றி கோல் வேறு மாதிரி கணக்குப் போட்டார். 1857இல் அவர் திறந்த சவுத் கென்சிங்டன் மியூசியத்தில் (இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) சிற்றுண்டிச் சாலையும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் அனுமதி இலவசம். மற்ற நாட்களில் ஆறு பென்ஸ். உழைப்பவனுக்குப் பொழுது கிடைப்பதே இருட்டிய பிறகுதான் என்பதால், கேஸ் விளக்கேற்றி இரவிலும் திறந்து வைத்தார். தீப்பிடித்துவிடும் என்று பிரிட்டிஷ் மியூசியம் கேஸைக் கிட்டவே சேர்க்காத காலம் அது. புகையில் ஓவியங்கள் பாழாகும் என்று எதிர்ப்பும் கிளம்பியது. ஃபாரடே உள்ளிட்ட அறிஞர் குழு ஆராய்ந்து, முறையாக அமைத்தால் கெடுதல் இல்லை என்றது.

இதெல்லாம் வெறும் தர்மசிந்தனை இல்லை. ஆங்கிலேயத் துணியும் பாத்திரமும் அழகில் பிரெஞ்சுச் சரக்கிடம் தோற்றன. கைவினைஞனின் கண்ணைப் பழக்கினால் வியாபாரம் பிழைக்கும். சாயங்காலம் குடும்பத்தோடு மியூசியத்துக்கு வருபவன் ஜின் கடைக்குப் போகமாட்டான் என்பது கோலின் இன்னொரு கணக்கு. தொழிலாளியை மேய்க்கப் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் கதவு திறந்ததே, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

கிழக்கு லண்டன் வைட்சேப்பலில் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் மனைவி ஹென்ரியட்டாவும் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்கள். 1881 முதல் தங்கள் திருச்சபைப் பள்ளி அறைகளில் ஆண்டுதோறும் ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். படங்களெல்லாம் இரவல். முதலில் மூன்று பென்ஸ் கட்டணம், பிறகு அதுவும் இல்லை. ஒரு பென்னிக்கு விற்ற கையேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் கதையும் விளக்கமும் இருந்தன. முக்கியமாக, ஞாயிறும் திறந்திருந்தது.

அந்த ஞாயிறுதான் பெரிய முட்டுக்கட்டை. வாரத்தில் ஆறு நாள் வேலை, மிச்சம் ஒரே நாள். அன்றைக்கு அரசு மியூசியங்கள் பூட்டு. ஓய்வுநாளின் புனிதம் கெடுமாம்! மதுக்கடைகள் மட்டும் அன்றும் சில மணி நேரம் திறந்திருக்கலாம். பிரிட்டிஷ் மியூசியத்தையும் நேஷனல் கேலரியையும் ஞாயிறு வழிபாடு முடிந்ததும் திறக்க வேண்டும் என்று 1856இல் நாடாளுமன்றத்தில் சர் ஜோசுவா வால்ம்ஸ்லி கொண்டுவந்த தீர்மானம் 376க்கு 48 என்று படுதோல்வி அடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவுகள் திறந்தது 1896இல். வால்ம்ஸ்லி 1871லேயே காலமாகிவிட்டார்.