மூன்றடி மேடு, முப்பதடி மனை

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய தொட்டதோகூரிலோ நீலாத்ரி சாலைப் பக்கமோ ஒரு மனையில் வேலை தொடங்கினால் மேஸ்திரி முதலில் கேட்பது, "பேஸ்மட்டம் எத்தனை அடி தூக்கணும்?" என்பதைத்தான். கொஞ்சம் வசதியிருக்கும் உரிமையாளர் மூன்றடி என்பார். அதில் நியாயமும் இருக்கிறது. பெங்களூரில் பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். சாலை உயர உயர வீடு தாழ்கிறது. ஒரு கனமழைக்குத் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிடுகிறது. 2025 மே மாத மழையில் சில்க் போர்டு சந்திப்பு வெள்ளக்காடானதைப் பார்த்தவர்கள் யாரும் தாழ்வாகக் கட்டத் துணிய மாட்டார்கள்.

ஆனால் அந்த மூன்றடிக்கு ஒரு விலை உண்டு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், ஓரடி உயர 12 அடி ஓட வேண்டும் என்பது விதி. மூன்றடி ஏற 36 அடி. நடுவில் நின்று மூச்சுவாங்கவும் திரும்பவும் சமதளம் வேண்டும், அது தனி. இந்தப் பகுதியின் வழக்கமான மனையோ 30-க்கு 40. முகப்பு மொத்தமே 30 அடி. அதனால் என்ன நடக்கிறது? கிளினிக்கோ, பிஜி விடுதியோ, ஏழெட்டு அடியில் ஒரு செங்குத்துச் சரிவைக் கட்டிவிட்டு 'ராம்ப் இருக்கிறது' என்கிறார்கள். ஸ்கூட்டர் ஏறும்; சக்கர நாற்காலியைத் தனியாளாக யாராலும் ஏற்ற முடியாது, இறக்கும்போது பிடி நழுவினால் ஆபத்து. இன்னும் சிலர் சரிவை வெளியே இழுத்து, மழைநீர்க் கால்வாயை மூடி, நடைபாதையின் மேலேயே போடுகிறார்கள். தூர்வார வருபவர்கள் அதை உடைத்தால் குறை சொல்லவும் முடியாது.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 44-ஆவது பிரிவு, அணுகல்வசதி இல்லாத வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. கட்டி முடித்த பிறகும் நிறைவுச் சான்றிதழ் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த 45-ஆவது பிரிவு தந்த ஐந்து ஆண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்வசதி விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, மீற முடியாத விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இதை நடத்திக்காட்ட ஓர் அமைப்பும் இருக்கிறது. 2013 முதல் தொழிற்பேட்டைப் பகுதியை நிர்வகிப்பது எல்சிட்டா என்ற தொழில் நகரிய ஆணையம். வார்டு தேர்தல் இல்லாத நகராட்சி என்று சொல்லலாம். சொத்துவரி வாங்குவதும், சாலை போடுவதும், கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவதும் அதுவே. ஆனால் அதன் எல்லைக்கு வெளியே பிஜி விடுதிகள் நெருக்கியடிக்கும் தெருக்கள் வேறு உள்ளாட்சியின் கையில். ஓசூர் சாலை தேசிய நெடுஞ்சாலை. தலைக்கு மேலே மெட்ரோ. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட நிலையங்களில் லிஃப்டும் பார்வையற்றோருக்கான தடத் தரையும் உண்டு. லிஃப்டிலிருந்து இறங்கிய பின் அலுவலக வாசல்வரை உள்ள தூரத்துக்குத்தான் யாரும் முழுப்பொறுப்பு ஏற்பதில்லை.

நடைபாதையில் இன்னொரு சிக்கல். நெரிசல் நேரத்தில் பைக்குகள் நடைபாதையில் ஏறுவது பெங்களூரின் நோய். அதைத் தடுக்கக் கல்தூண்களை நெருக்கமாக நடுகிறார்கள். சக்கர நாற்காலி தாராளமாகப் போக 90 சென்டிமீட்டர் வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். இடைவெளியைக் குறைத்தால் இருவரும் வெளியே. தூணால் தீராத கணக்கு இது. போக்குவரத்துப் போலீஸ் அபராதத்தால்தான் தீரும். பைக்காரரைத் தண்டிக்கத் தயங்கி, நாற்காலியில் வருபவரை நிறுத்துவதைச் சமரசம் என்று நான் ஏற்க மாட்டேன்.

நடைபாதை அடைபடுகிறது என்றால் தள்ளுவண்டிக்காரர்களைத்தான் எல்லோரும் சுலபமாகக் கைகாட்டுவார்கள். ஆனால் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் கட்டுப்படியாகும் விலையில் சோறு போடுவது அந்த வண்டிகள்தான். நடைபாதையில் 1.8 மீட்டர் தடையில்லாமல் விட வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு. அதற்கப்பால், மரமும் விளக்குக் கம்பமும் நிற்கும் வரிசையிலேயே வண்டிக்கும் இடம் குறித்துக் கொடுக்கலாம். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அதற்கு வழி சொல்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்கள் சென்னை மெரினாவை நினைத்துப் பார்க்கலாம். கடலோர ஒழுங்குமுறை விதிகள், மணல், உப்புக்காற்று என்று தட்டிக்கழிக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லாத இடம். 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி அங்கே சக்கர நாற்காலி கடலருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதையைத் திறந்தது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. கைவிடவில்லை, சரிசெய்து மீண்டும் திறந்தார்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முதலில் வேண்டியது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிலையான சாலை மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் புதிது போடுவதில்லை என்று எல்சிட்டாவும் சுற்றியுள்ள உள்ளாட்சிகளும் சேர்ந்து முடிவெடுத்து, அந்த மட்டத்தை எழுதி வெளியிடட்டும். கால்வாயைத் தூர்வாரி வைக்கட்டும். வெள்ளப் பயம் குறைந்தால் பேஸ்மட்டம் ஒன்றரை அடியே போதும். 18 அடிச் சரிவு மனைக்குள்ளேயே பக்கவாட்டில் அடங்கிவிடும். அதன்பிறகு, சரிவின் நீளமும் உயரமும் குறிக்காத எந்த வரைபடத்துக்கும் அனுமதி முத்திரை விழக்கூடாது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 44-ஆவது பிரிவை அப்படியே அமல்படுத்தினால் போதும்.