பாகம் பிரியாத காடு

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் சுக்கும் ஏலமும் மிளகும் கலந்த வாசனை இப்போது சுற்றுலாப் பயணிகளுக்காகவே வீசுகிறதோ என்று தோன்றும். ஆனால் 1957இல் மிளகு முன்பேர வர்த்தகம் தொடங்கிய ஊர் இது. இங்கே கூவிய விலையை உலகச் சந்தை காது கொடுத்துக் கேட்டது.

அந்த மிளகு வயலில் விளைவதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் மர நிழலில் படர்ந்த கொடியை மலையாள விவசாயிகள் வீட்டுத் தோப்புக்குக் கொண்டுவந்து, காட்டில் இருந்தபடியே பலாவிலும் மாவிலும் கமுகிலும் ஏற்றிவிட்டார்கள். அதிகம் விரும்பியது முள்முருங்கையை. அவரைக் குடும்பத்து மரம் அது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். மழைக்கு முன் கிளையைக் கழித்தால் கொடிக்கு வெளிச்சம், மண்ணுக்குத் தழையுரம். 2000களின் நடுவில் மிகச் சிறிய குளவி ஒன்று அதன் தளிர்களில் முட்டையிட்டு, அவற்றை முடிச்சு முடிச்சாக வீங்கவைத்து மரங்களைச் சாய்த்தது. முள்முருங்கையை மட்டுமே நம்பியிருந்த இடத்தில் கொடிக்கும் பிடி போயிற்று.

மிளகுக் கொடியைப் போர்த்துகீசியர் கொண்டுபோகிறார்கள் என்றதும், திருவாதிரை ஞாற்றுவேலையை அவர்களால் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கேட்டதாகக் கதை. ஜூன் கடைசியில் தொடங்கி இரு வாரம் நீளும் மழைக்காலம் அது. கோடைக்குப் பின் வரும் மழையில்தான் கொடி தளிர்த்துப் பூச்சரம் விடும். சரத்தில் வழியும் மழைநீர் மகரந்தத்தைக் கீழுள்ள பூக்களுக்குச் சேர்க்கும். தாவரவியல் சரிதான். வியட்நாம் மிளகு உற்பத்தியில் முன்னே போனதும் சாமூதிரியின் கணக்குதான் பொய்த்தது.

தோப்பின் மூலையில் காவு இருக்கும்; பாம்புக்கோ பகவதிக்கோ விட்ட துண்டுக் காடு. பெரும்பாவூர் அருகே இரிங்கோள் காவு சுமார் 50 ஏக்கர். விழுந்த கிளையைக்கூட எடுக்கக் கூடாதென்பது வழக்கம். நம்பிக்கைதான் காட்டைக் காத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. காவு, தறவாடு என்னும் கூட்டுக்குடும்பத்தின் பொதுச் சொத்து. தனியொருவர் விற்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில் தறவாடுகள் பாகம் பிரிந்தன. கேரளத்தின் 1975 கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் மிச்சத்தையும் முடித்துவைத்தது. பாம்பு மீது பயம் போய்விடவில்லை. ஆனாலும் பல காவுகள் நாலு சென்ட்டும் ஒரு விளக்குத் திண்டுமாகச் சுருங்கின.

கொச்சிக்கு வடகிழக்கே, சாலக்குடி ஆற்றின் மேல்பகுதியில் நடந்தது இதற்கு நேர்மாறு. வால்பாறைப் பக்கம் நாம் அறிந்த காடர்களின் இனத்தவர் அங்கே வாழச்சால் காட்டில் தேனும் குங்கிலியமும் சேகரிக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி 2014இல் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன வள உரிமை கிடைத்தது. காட்டைப் பயன்படுத்த மட்டுமல்ல, காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம்.

ஒருகாலத்தில் மரப்பொந்திலிருந்து இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்தவர்கள், உரிமை வருவதற்கு முன்பே அந்தக் கூடுகளுக்குக் காவலர்களாக மாறியிருந்தார்கள். கருங்குங்கிலிய மரத்தின் பழத்தை விழுங்கி விதையைத் தொலைவில் போடுவது இருவாச்சி. ஆக, கூட்டைக் காப்பவர் நாளைய குங்கிலியத்துக்கும் விதைக்கிறார். இதே ஆற்றில் திட்டமிடப்பட்ட 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்தவர்கள் எடுத்துவைத்த வாதங்களில் இந்த உரிமையும் ஒன்று: கிராம சபையைக் கேட்காமல் காட்டை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது.