குளிரில் இனிக்கும் கிழங்கு

சிறுமலை வாழைத்தாரை விட்டத்தில் தொங்கவிட்டால், காயில் இருந்த மாவு நாளுக்கு நாள் சர்க்கரையாகி வீடே மணக்கும். இந்த அற்புதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். உருளைக்கிழங்குக்கும் அதே வரம் உண்டு என்பதை அடுப்படியில்தான் அறிந்தேன்.

திண்டுக்கல் சந்தையில் வாங்கிய கிழங்கில் பாதியைக் கூடையிலும் மீதியை ஃபிரிட்ஜிலும் வைத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து இரண்டையும் ஒரே எண்ணெயில் வறுத்தோம். கூடைக்கிழங்கு பொன்னிறமாக மிதந்து வந்தது. ஃபிரிட்ஜ் கிழங்கோ போட்ட சற்று நேரத்திலேயே ஓரம் சிவந்து, நடுவும் கருத்து, வாயில் கசந்தது.

கிழங்கு கெட்டுப்போகவில்லை, குளிர்காலம் வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறது, அவ்வளவுதான். மண்ணைவிட்டு எடுத்த பிறகும் அது மூச்சுவிடுகிற உயிர். குளிர் பட்டதும் சேமித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. முதலில் சுக்ரோஸ், பிறகு இன்வெர்டேஸ் என்னும் நொதி அதைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. ஆண்டிஸ் மலையில் பிறந்த செடிக்குப் பனியைத் தாங்கும் வழியைப் படைத்தவன் கிழங்குக்குள்ளேயே வைத்திருக்கிறான். மூளை இல்லை, கண்ணென்று நாம் சொல்லும் குழிகளுக்குப் பார்வையும் இல்லை. ஆனாலும் அது குளிரை அறிகிறது!

அந்தச் சர்க்கரைதான் கொதிக்கும் எண்ணெயில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து கருக்கிறது. அப்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உண்டாவதை 2002இல் ஸ்வீடன் அறிஞர்கள் வெளியிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும் வருடத்தில் பல போகம் கிழங்கு விளைவதால் வெகுநாள் சேமிக்கும் தேவை குறைவு. வடக்கே பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாகத் தோண்டி, கோடை முழுக்கக் காக்க வேண்டும். 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்தால் முளைக்காது, ஆனால் இனித்துவிடும். 10 முதல் 12 டிகிரியில் வைத்தால் இனிப்பு குறைவு, ஆனால் முளைவிடும். அதைத் தடுக்க மருந்து வேண்டும்.

இந்த இக்கட்டுக்குத்தான் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வழி தேடியது. 1998இல் குஃப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 என்ற வகைகளை அது தந்தது. 10 முதல் 12 டிகிரியில் சேமித்தாலும் இவற்றில் சர்க்கரை அதிகம் ஏறுவதில்லை, மாவுச்சத்தும் நிறைவு. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, வெட்டி, வறுத்து, நிறம் பார்த்துக் கழித்துத்தான் இப்படி ஒரு வகையை எடுக்க முடியும். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன். இன்னும் கடுங்குளிரிலும் இனிக்காத கிழங்கைத் தேடுகிறவர்கள் ஆண்டிஸின் காட்டு இனங்களை நாடுகிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு. மனிதன் கேட்கும் முன்பே எழுதி வைத்த விடை அது.

மிஞ்சிய ஃபிரிட்ஜ் கிழங்குகளை எறிய மனம் வரவில்லை. சாக்கில் போட்டுப் பரணில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து வறுத்தால், கருமை பெருமளவு நீங்கி இளஞ்சிவப்பாக வந்தது. வெயில் தேசத்தின் இளஞ்சூட்டில் சர்க்கரையில் ஒரு பங்கு மறுபடி மாவாகியிருந்தது. வறுக்காமல் விட்ட ஒரு கிழங்கின் கண்ணில் கடுகளவு வெள்ளை முளை எட்டிப்பார்த்தது.